எத்தனை எச்.பி. என்று கேட்காதீர்கள்



நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. வகுப்பில் என் குரல் உயர்ந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் கடைசி வரை படித்துவிடுங்கள்.

புரட்டாசி பாதி தாண்டினால் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான். மயிலாப்பூர், மந்தைவெளி, தி. நகர், அடையாறு என்று ஆங்காங்கே அடுக்குமாடி அசோசியேஷன்களில் செக்ரட்டரியாகவும் பொருளாளராகவும் இருக்கும் என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள்: “டீச்சர், மழைத் தண்ணி இறைக்க மோட்டார் வாங்கப் போறோம். எத்தனை எச்.பி. வாங்கலாம்?” இந்த வருஷம் இதுவரை ஐந்து பேர் கேட்டாகிவிட்டது. தம்பி மகனும் நேற்று போன் செய்தான்: “அத்தை, மூணு எச்.பி. போதுமா, அஞ்சாவே போட்டுடலாமா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனையில் விழும் மழையை மட்டும் வெளியேற்ற வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்கு 1 எச்.பி. போதும். தெருவில் நிற்கும் தண்ணீர் உங்கள் கேட்டுக்குள் வருகிறதென்றால் 10 எச்.பி.யும் போதாது. இந்த இரண்டில் எது உங்கள் கட்டடம் என்று பார்க்காமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து மோட்டார் வாங்குகிறீர்களே, அதைத்தான் இந்தப் பதிவில் திட்டப் போகிறேன்.

கணக்கு

நம் ஊரில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. சதுர மீட்டரில் 223. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இது ஏழாம் வகுப்புக் கணக்கு. அப்படியென்றால் 10 செ.மீ. மழை பெய்யும் நாளில் ஒரு கிரவுண்டில் விழுவது 22,300 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி இரண்டுக்குச் சற்றுக் குறைவு.

இன்னும் மோசமான நாளை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 21 செ.மீ. கொட்டியது. தி. நகரில் ஜி.என். செட்டி சாலை, பசுல்லா சாலைப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்த மழை. அன்று ஒரு கிரவுண்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 47,000 லிட்டர். நாலு லாரி.

இப்போது மோட்டாருக்கு வருவோம். தண்ணீரை வெளியேற்றவென்றே செய்த சாதாரண 1 எச்.பி. பம்பு, நாலைந்து மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 200 லிட்டர் அளவில் தள்ளும். மணிக்கு 12,000 லிட்டர். ஒரே மணி நேரத்தில் 5 செ.மீ. பெய்தால்கூட உங்கள் ஒரு கிரவுண்டில் விழுவது 11,000 லிட்டர் சொச்சம்தான். பம்பு அதைச் சமாளித்துவிடும். மூன்று நாலு கிரவுண்டு கட்டடம் என்றால் 2 எச்.பி. வையுங்கள், இல்லை 1 எச்.பி.யிலேயே இரண்டாக வையுங்கள். இரண்டு சின்னது இருந்தால் ஒன்று படுத்துக்கொண்டாலும் இன்னொன்று ஓடும். ஒரே பெரிய மோட்டார் படுத்துவிட்டால் எல்லாமே படுத்துவிடும்.

தெருவின் கணக்கு வேறு. 200 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள தெருவில் ஓர் அடித் தண்ணீர் நின்றால் 6 லட்சம் லிட்டர். உங்கள் 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 60,000 லிட்டர் இறைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டுகூடப் புதிதாக வராமல் இருந்தால் பத்து மணி நேரம். ஆனால் அந்தத் தெரு அடுத்த தெருவோடு சேர்ந்திருக்கிறது, அது அதற்கடுத்த தெருவோடு. நீங்கள் இறைத்து விடுவதும் அதே தெருவில்தான். இறைத்த தண்ணீர் கேட் வழியாகத் திரும்பி வருகிறது. தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று வளைந்த கண்ணாடிக் குழாய்களை மேசையில் வைத்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? ஐந்து மார்க் கேள்வி. நீங்கள் எல்லோரும் சரியாகத்தான் எழுதினீர்கள். செக்ரட்டரி ஆனதும் மறந்துவிட்டீர்கள்.

ஆறு வந்தால் கணக்கே வேண்டாம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது விநாடிக்கு 29,000 கன அடி. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு 8 லட்சத்துக்கும் மேல். உங்கள் 1 எச்.பி. மோட்டார் விநாடிக்கு மூன்று லிட்டர் சொச்சம் தள்ளும். அன்று கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஆற்றோரம் இருந்தவர்களைக் காப்பாற்றியது மோட்டார் அல்ல, மாடிப்படியும் படகும். பெருமழை வரும் என்றதும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினார்களே, அவர்களைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தண்ணீரை நகர்த்த முடியாது, காரை நகர்த்தலாம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. அதற்கு எச்.பி. ஏற்கெனவே காருக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கேட்டைப் பாருங்கள்

ஆகவே முதல் வேலை டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவது. தெருவின் நடு மட்டம் எவ்வளவு, உங்கள் கேட்டின் மட்டம் எவ்வளவு, உள்ளே கார் நிறுத்தும் தளம் எவ்வளவு. ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் ஊற்றிக் கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அது போதும்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் தெருவிலிருந்து மூன்று நாலு படி ஏறித்தான் திண்ணைக்கே வர முடியும். அந்தப் படிகள்தான் அந்தக் காலத்து மோட்டார். கரண்ட் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். நாம் அந்த வீடுகளை இடித்துவிட்டு, தெருவைவிடத் தாழ்வாகச் சரிவு இறக்கி, கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் கட்டினோம். தெருவோ ஒவ்வொரு தார் போடும்போதும் உயர்ந்துகொண்டே வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவே போட்டார். உங்கள் தெருவில் அப்படிச் சுரண்டினார்களா என்று நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? தார் போட்ட மறுநாள் “சூப்பர் ரோடு” என்று குரூப்பில் கை தட்டினோம். வாசலில் ஒரு படி காணாமல் போனதை யாரும் பார்க்கவில்லை.

கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் அரை அடி உயரத்துக்குச் சரிவான மேடு கட்டினால் கார் ஏறி இறங்கும், தெருத் தண்ணீர் ஏறாது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் கேட்டின் இரண்டு பக்கத் தூண்களிலும் காடி வெட்டி வைத்துக்கொண்டு, மழை நாளில் பலகையைச் செருகி, கீழே ரப்பர் பட்டை வைத்து அடைக்கலாம். மேடும் பலகையும் கொத்தனாரும் தச்சரும் சேர்ந்து செய்துவிடக்கூடியவை. பிறகு உள்ளே விழும் மழையை மட்டும் உங்கள் 1 எச்.பி. பார்த்துக்கொள்ளும். தெருத் தண்ணீரைத் தடுக்காமல் மோட்டார் ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

இன்னொன்று. உங்கள் கட்டடத்திலிருந்து தெரு மழைநீர் வடிகாலுக்குப் போகும் குழாய் இருக்கிறதே, வடிகால் நிரம்பினால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். கேட்டை அடைத்தும் தண்ணீர் ஏறுகிறதே என்று திகைப்பவர்கள் அந்தக் குழாயைப் பாருங்கள். அதில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். பல கட்டடங்களில் அது கிடையாது.

கடைக்காரர் சொல்லாதது

சரி, மோட்டாரே வாங்குகிறீர்கள். எதை வாங்குவது? கடைக்காரர் எச்.பி.யைச் சொல்லி விற்பார். நீங்கள் வகையைக் கேளுங்கள்.

மோனோபிளாக்: சம்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றுவோமே, அது. சுத்தமான தண்ணீருக்கானது. மழைத் தண்ணீரில் வரும் மண், இலை, பால் கவர் எல்லாம் உள்ளே போய் இம்பெல்லரை அடைத்துவிடும். தவிர அது தண்ணீருக்கு வெளியே உட்கார வேண்டும். வெள்ளத்தில் வெளியே என்ற இடம் ஏது?

ஓப்பன்வெல் சப்மெர்சிபிள்: தண்ணீருக்குள் முழுகி இருந்தால்தான் சூடாகாமல் ஓடும். அரை அடித் தண்ணீரில் படுக்க வைத்தால் காயில் கருகும். இதுவும் சுத்தமான தண்ணீருக்குத்தான்.

டீவாட்டரிங் அல்லது கழிவுநீர் சப்மெர்சிபிள்: உங்களுக்கு வேண்டியது இதுதான். சகதியும் சிறு குப்பையும் உள்ளே போய் வெளியே வரும்படி செய்தது. எவ்வளவு பருமனுள்ள துண்டு வரை உள்ளே போகலாம் என்று மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். ஃப்ளோட் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் ஏறினால் தானே ஓடும், இறங்கினால் தானே நிற்கும். ராத்திரி யாரும் இறங்கிப் போய் சுவிட்ச் போட வேண்டாம். இதை ஸ்டில்டின் தாழ்ந்த மூலையில் இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி எடுத்து, மேலே கம்பி வலை போட்டு, அதில் நிரந்தரமாக வைக்க வேண்டும்.

என்ஜின் பம்பு: பெட்ரோலிலோ டீசலிலோ ஓடுவது. கரண்ட் தேவையில்லை என்பதே இதன் பெரிய பலம். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஆளைக் கொல்லும்.

பம்பின் தகட்டில் ‘ஹெட்’ என்று மீட்டரில் ஓர் எண்ணும், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். இரண்டிலும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அதிகபட்ச உயரத்துக்குத் தள்ளும்போது தண்ணீர் ஏறக்குறைய வராது. அதிகமாகத் தண்ணீர் வரும்போது உயரம் கிடைக்காது. “ஐந்து மீட்டரில் எத்தனை லிட்டர்?” என்று கேளுங்கள். கடைக்காரர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொன்னால் அந்தக் கடையில் வாங்கலாம். “அதெல்லாம் நல்லா இழுக்கும் மேடம்” என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

ஹோஸிலும் ஒரு கஞ்சத்தனம் நடக்கும். பம்பின் வாய் இரண்டு அங்குலம் என்றால் ஹோஸும் இரண்டு அங்குலம். வீட்டில் கிடக்கும் ஒன்றேகால் அங்குலத் தோட்டக் குழாயை கிளாம்ப் போட்டு மாட்டினால், கொடுத்த காசில் பாதி உராய்விலேயே போய்விடும்.

கரண்ட் இருக்குமா?

தெருவில் தண்ணீர் ஏறினால் மின்வாரியம் முதலில் செய்வது மின்சாரத்தை நிறுத்துவது. அது சரியான முடிவு. உயிரைக் காப்பாற்ற நிறுத்துகிறார்கள். 2015இல் நம் பக்கம் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அப்போது 5 எச்.பி. மின்மோட்டார் எத்தனை லிட்டர் இறைத்திருக்கும்? பூஜ்யம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டார். 1 எச்.பி. என்பது 746 வாட். கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது.

ஜெனரேட்டர் இருக்கிறது என்பீர்கள். எங்கே இருக்கிறது? பாதிக் கட்டடங்களில் ஸ்டில்டின் மூலையிலோ பேஸ்மென்ட்டிலோ இருக்கிறது. முதலில் முழுகப் போவதே அதுதான். மீட்டர் போர்டும் பல கட்டடங்களில் அங்கேதான், இடுப்பு உயரத்தில்.

அதனால்தான் என்ஜின் பம்பு என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் மழை கொட்டுகிறதே, என்ஜின் நனையுமே என்று அதை ஸ்டில்டுக்குள்ளோ பேஸ்மென்ட் சரிவிலோ வைத்து ஓட்டுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு எழுந்திருப்பதே இல்லை. மூன்று பக்கம் சுவர் உள்ள இடத்தில் என்ஜின் பம்பையோ ஜெனரேட்டரையோ ஓட்டவே கூடாது. திறந்த வெளியில், ஜன்னல்களிலிருந்து தள்ளி வைத்து, மேலே தகரக் கூரை மட்டும் போட்டு ஓட்டுங்கள். அப்படி வைக்க இடம் இல்லாத கட்டடம் அதை வாங்கவே வேண்டாம்.

பேஸ்மென்ட் உள்ளவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. நிரம்பிய பேஸ்மென்ட்டை ஒரே மூச்சில் காலி செய்யாதீர்கள். வெளியே மண் முழுக்க ஊறி, தண்ணீர் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர்த் தள்ளு கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுவர் விரியும், தரை எழும்பும். அமெரிக்காவில் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரை, ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைக்காதே என்பது. இதே காரணத்தால் அடைமழை நாளில் தரைக்கடித் தொட்டியையும் மொத்தமாகக் காலி செய்யாதீர்கள். ஆர்க்கிமிடீஸ் தொட்டியையும் மிதக்க வைப்பார்.

மோட்டாரைப் போடப் போவது யார்?

இனி என் கோபத்தின் காரணம்.

அசோசியேஷன் கூட்டத்தில் மூன்றா ஐந்தா என்று ஒன்றரை மணி நேரம் பேசுகிறீர்கள். மழை வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மோட்டாரைத் தூக்கி வைத்து, வயர் இழுத்து, பிளக்கைச் செருகப் போவது நீங்களா? வாட்ச்மேன். ஸ்டில்டில் தூங்குகிறவர் அவர். தண்ணீர் முதலில் நனைப்பது அவருடைய பாயை. விழுப்புரத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். முழங்கால் தண்ணீரில், வெறுங்காலோடு, ஒரு கையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலே இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து நாம் “இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பா” என்று டார்ச் அடிப்போம்.

ஒவ்வொரு மழைக்கும் இந்த ஊரில் மின்சாரம் பாய்ந்து யாராவது போகிறார்கள். செய்தித்தாளில் நாலு வரி. மனித உடம்பின் வழியே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி இருக்கிறது. மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. நான் விசாரித்த அந்த ஐந்து அசோசியேஷன்களில் எத்தனை இடத்தில் மோட்டார் லைனில் அது இருக்கிறது என்று கேட்டேன். ஒரே ஓர் இடம். மற்ற நாலு பேரும் “எலக்ட்ரிஷியன்கிட்ட கேட்டுச் சொல்றேன் டீச்சர்” என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

மோட்டார் வாங்கத் தீர்மானம் போட்டு, ஆர்.சி.சி.பி.க்குத் தீர்மானம் போடாத அசோசியேஷன், தன் காரின் சீட் நனையக் கூடாது என்பதற்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கிறது. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஹோஸின் மறுமுனை

உங்கள் ஹோஸின் ஒரு முனை பம்பில் இருக்கிறது. மறுமுனை எங்கே?

எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடிக்குப் பெரிய மோட்டார் உண்டு. மழை பிடித்ததும் அதன் ஹோஸ் காம்பவுண்டைத் தாண்டி பக்கத்துச் சந்துக்குள் போகும். அந்தச் சந்தில் தரையோடு தரையாக நாலு ஓட்டு வீடுகள். இஸ்திரி போடுகிறவர் ஒருவர், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள் இருவர், ஆட்டோ ஓட்டுகிற ஒருவர். போன ஐப்பசியில் நாங்கள் சுவிட்ச் போட்ட பத்தாவது நிமிடம் அவர்கள் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்தார்கள். கேட்டால் “மழைக்கு யார் பொறுப்பு மேடம்?” என்கிறார்கள். மழைக்கு யாரும் பொறுப்பில்லை. ஹோஸுக்கு நீங்கள் பொறுப்பு.

டொராண்டோவில் இருக்கும் என் மாணவன் ஒருவன் குளிர் வந்தால் படம் அனுப்புவான், வாசலில் விழுந்த பனியை வாரி வீசும் ஸ்னோ புளோயரோடு நிற்பதாக. அங்கேயும் எத்தனை எச்.பி. என்றுதான் கடையில் பேச்சாம். ஆனால் ஒன்று சொன்னான். இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும், வாசல் பனியைச் சாலையில் வீசக் கூடாது. அனுமதி இல்லாமல் சாலையில் பனி கொட்டுவதற்கு ஒன்டாரியோவின் சாலைச் சட்டமே தடை போடுகிறது. உன் மனையில் விழுந்ததை உன் மனையிலேயே ஒதுக்கிக்கொள். பனிக்கு அவர்களிடம் இருக்கும் அந்த மரியாதை, தண்ணீருக்கு நம்மிடம் இல்லை.

இதைவிட மோசம், பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கி ஹோஸை அதில் விடுவது. சாக்கடைக் குழாய் நம் கழிவுக்காகப் போட்டது. மழைநீரைத் தாங்கும் அளவு அதற்குக் கிடையாது, விடக் கூடாது என்பது விதியும்கூட. நீங்கள் உள்ளே விட்டது தாழ்வான வீட்டுக் கழிப்பறையில் மேலே வரும். திறந்த மூடி தண்ணீருக்கடியில் தெரியாமல், நடந்து போகிற யாரோ ஒருவர் உள்ளே போவார்.

“கார்ப்பரேஷன் ஒண்ணும் பண்ணலையே டீச்சர்”

வரும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கேள்வியை நான் தள்ளவில்லை. தி. நகரே 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரி இருந்த இடத்தில் எழுந்த ஊர். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். ஏரிக்குத் தன் இடம் தெரியும், வருஷம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறது. மாம்பலம் கால்வாய் அடையாற்றில் போய்ச் சேர வேண்டும். அதில் குப்பையும் கட்டட இடிபாடும் கிடந்தால் துரைசாமி சப்வேயில் தண்ணீர் நிற்காமல் என்ன செய்யும்? பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். 2021 மழைக்குப் பிறகு அரசு திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தது. புதிய வடிகால்கள் வந்தன. சில தெருக்களில் உண்மையாகவே குறைந்திருக்கிறது, சில தெருக்களில் இல்லை. 1913க்குப் போன் செய்யுங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வார்டு கவுன்சிலரின் வாசலில் போய் நில்லுங்கள். இது எல்லாம் நம் உரிமை.

ஆனால் அரசாங்கத்தைக் கேட்கும் அதே வாயால் நம்மையும் கேட்க வேண்டும். காம்பவுண்டு முழுக்க ஓர் அங்குல மண் தெரியாமல் டைல்ஸ் போட்டது கார்ப்பரேஷனா? 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரமாகக் குழி தோண்டிப் படம் எடுத்துக் கொடுத்தோமே, அந்தக் குழியை அதன் பிறகு எத்தனை பேர் திறந்து பார்த்தீர்கள்? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்கு வரிசையில் நின்றதும் நாம்தான். இரண்டே வருஷத்தில் அதே தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருவில் துரத்தியதும் நாம்தான்.

மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் கீழே மணல். சுத்தமான கிணறு ஒன்று உறை இறக்கி வைத்தால் கூரைத் தண்ணீரைக் குடித்துவிடும். தி. நகர், மேற்கு மாம்பலம் பக்கம் களிமண் அதிகம். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி இறங்கினால்தான் பலன். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் எந்தக் கிணறும் வாங்காது, அதுவும் உண்மை. அதற்குத்தான் பம்பு. முதல் பத்து மழையைக் கிணறு வாங்கட்டும். பதினோராவது மழைக்கு மோட்டார் ஓடட்டும், அதுவும் தெரு வடிகாலுக்குள் மட்டும்.

“டீச்சர், இதெல்லாம் பிராக்டிகலா இல்ல. மோட்டார் விஷயத்த ஆம்பளைங்க பாத்துக்கறோம்” என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள் நான். அந்தக் கூட்டத்திலேயே ஹெட் என்றால் தலை என்று அர்த்தம் சொன்னவரும் இருந்தார்.

தீபாவளிக்கு முன்

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. அதற்குள் இதைச் செய்யுங்கள், இந்த வரிசையிலேயே.

1. கேட், தெரு, ஸ்டில்ட் மூன்றின் மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். சென்ற மழையில் தண்ணீர் ஏறிய அளவைத் தூணில் பெயின்ட்டால் கோடு போடுங்கள்.
2. கேட்டில் மேடு அல்லது பலகை. வடிகால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு.
3. மழைநீர்க் கிணற்றைத் திறந்து தூர் வாருங்கள். மொட்டை மாடிக் குழாய்களில் இலையை எடுங்கள். கொஞ்சம் டைல்ஸைப் பெயர்த்து மண்ணை வெளியே விடுங்கள்.
4. மீட்டர் போர்டையும் ஜெனரேட்டரையும் தூணில் போட்ட கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். மீட்டரைத் தொட மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நீங்களாகத் தொடாதீர்கள்.
5. மோட்டார் லைனுக்கு ஆர்.சி.சி.பி., சரியான எர்த். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.
6. இதற்கெல்லாம் பிறகு மோட்டார். டீவாட்டரிங் சப்மெர்சிபிள், ஃப்ளோட் சுவிட்ச், பம்பின் வாய்க்குச் சமமான ஹோஸ். மழை வரும் முன் ஒரு பக்கெட் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள்.
7. தண்ணீரில் இறங்கி மோட்டாரைத் தொடக் கூடாது என்று வாட்ச்மேனிடம் செக்ரட்டரியே நேரில் சொல்லுங்கள். அவர் படுக்க முதல் மாடியில் ஓர் இடம் கொடுங்கள்.
8. ஹோஸ் போகும் வழியில் இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பேசுங்கள்.

எட்டாவதுதான் யாரும் செய்ய மாட்டீர்கள் என்று எனக்குப் பயம். ஆனால் அதைச் செய்தவர்கள் வந்து சொல்லுங்கள், அதைத்தான் முதலில் படிப்பேன்.

ஐந்து செக்ரட்டரிகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். எச்.பி. என்னவென்று இனி எனக்கு மெசேஜ் வேண்டாம். முதல் வேலையைச் செய்து, தூணில் போட்ட கோட்டைப் படம் எடுத்து கீழே கருத்தில் போடுங்கள். யார் கட்டடத்துக்கு என்ன தேவை என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள், இங்கே தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் அசோசியேஷன் குரூப்பில் இதைப் பகிருங்கள். என் பெயரைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்